இழுவை குறைந்ததென்று எஞ்சினைத் திறக்குமுன்

ஆசிரியர் அவர்களுக்கு,

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து பழைய டூ ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிளைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதே கொழும்பில் பலருக்கு வழியாகிவிட்டது. 2025 இல் இறக்குமதி மறுபடி திறந்தபோதும் புது வண்டியின் விலை எல்லோர் கைக்கும் எட்டுவதாக இல்லை. அந்தப் பழைய வண்டியில் இழுவை குறைந்தால் நம் ஊரில் முதலில் கேட்கும் தீர்ப்பு ஒன்றுதான்: "போர் பண்ணி பிஸ்டன் போடவேணும்." அதாவது சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் பூட்டவேண்டும் என்பது. இந்தத் தீர்ப்பு பல தடவை பிழை. தேய்ந்தது கிளச் பிளேட்டாக இருக்கும். அடைத்தது சைலன்சராக இருக்கும். கெட்டது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு ஒயில் சீலாக, அதாவது ஒயிலும் காற்றும் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையமாக, இருக்கும். போர் பண்ணிச் சுரண்டி எடுத்த உலோகம் சிலிண்டருக்குத் திரும்பி வராது. சிறிய வண்டிகளுக்கு ஓவர்சைஸ் பிஸ்டன் பெரும்பாலும் 0.25 மி.மீ. கணக்கில் 1 மி.மீ. வரைதான் கிடைக்கும். அந்த நாலு வாய்ப்பில் ஒன்றைத் தேவையில்லாமல் செலவழிக்குமுன் செய்யவேண்டிய சோதனைகளை உங்கள் பத்திரிகை வழியாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதல் கேள்வி: ரேஸ் கொடுக்கும்போது எஞ்சின் சத்தம் ஏறுகிறதா, இல்லையா? மூன்றாம் கியரில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் ஓர் ஏற்றத்துக்குப் போங்கள். புதுக்கடை மேடோ தெமட்டகொடை மேம்பாலமோ போதும். அங்கே அக்சிலரேட்டரைச் சட்டென்று முழுக்கத் திருப்புங்கள். எஞ்சின் கத்திக்கொண்டு ஏற, வேகம் மட்டும் அப்படியே நின்றால் எஞ்சினில் சக்தி இருக்கிறது, அது சில்லுக்குப் போய்ச் சேரவில்லை. கிளச் நழுவுகிறது. சத்தமும் அமுங்கி வண்டியும் திணறினால் கிளச்சைத் தொடாதீர்கள்; குறை பெற்றோல் வழியிலோ, காற்று வழியிலோ, புகை வழியிலோ, சிலிண்டரிலோ இருக்கிறது. இந்தச் சோதனைக்கும் முன்னால் வண்டியை நடு ஸ்டாண்டில் ஏற்றி, நியூட்ரலில் பின்சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிரேக் பிடித்தபடியே ஓடும் வண்டியும் இழுவை இல்லாத வண்டி மாதிரியேதான் நடந்துகொள்ளும்.

கிக்கர் வழுக்குவதை வைத்துக் கிளச் போய்விட்டது என்று முடிவு கட்டுகிறவர்களும் உண்டு. கிளச்சைப் பிடித்தபடி கியரிலேயே கிக் அடித்து ஸ்டார்ட் பண்ணக்கூடிய வண்டியில் கிக்கரின் விசை கிளச் பிளேட்டுகள் வழியாகப் போவதில்லை. பிளேட்டுகள் அடுக்கியிருக்கும் கிளச் கூடையின் வெளிப்பல் வழியாக நேரே கிராங்குக்கு, அதாவது பிஸ்டனோடு சுழலும் தண்டுக்கு, போகிறது. அதில் கிக்கர் வழுக்கினால் கிக் கியரையும் அதன் கிளிப்பையும் பாருங்கள். நியூட்ரலில் மட்டும் ஸ்டார்ட் ஆகும் வண்டியில்தான் வழுக்கும் கிக்கர் கிளச்சைக் காட்டிக்கொடுக்கும்.

கிளச் நழுவுகிறது என்று உறுதியான பிறகும் மூடியைக் கழற்ற அவசரம் வேண்டாம். லீவரின் நுனியில் 10 முதல் 15 மி.மீ. வரை சும்மா ஆடும் தளர்வு இருக்கவேண்டும். பிளேட் தேயத் தேய அந்தத் தளர்வு குறைந்துகொண்டே வரும். அது முற்றாக இல்லாமல் போனால் கிளச்சை விடுவிக்கும் கம்பியான புஷ் ரொட், பிளேட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டை எந்நேரமும் அமுக்கிக்கொண்டே இருக்கும். நீங்கள் லீவரைத் தொடாமலே கிளச் அரைவாசி விட்டபடி ஓடும், பிளேட் இன்னும் விரைவாகக் கருகும். கேபிள் திருகாணியை மட்டும் திருகி இதைச் சரிக்கட்டப் பார்ப்பது வழக்கமான பிழை. முதலில் லீவர்ப் பக்கத் திருகாணியை முழுக்க உள்ளே விட்டுக் கேபிளைத் தளர்த்துங்கள். பிறகு எஞ்சின் பக்கத்தில் உள்ள செட் ஸ்குரூவின் பூட்டு நட்டை இளக்கி, ஸ்குரூவை மெதுவாக உள்ளே திருகுங்கள். கைக்கு லேசான தடை தெரிந்ததும் நிறுத்தி, கால் சுற்று வெளியே எடுத்துப் பூட்டுங்கள். கேபிள் தளர்வைக் கடைசியில் சரிசெய்யுங்கள். முகத்துவாரம், வெள்ளவத்தை மாதிரிக் கடலோரத்தில் நிற்கும் வண்டிகளில் உப்புக்காற்று பட்டுக் கேபிளின் உட்கம்பி துருப்பிடித்து உறைக்குள் திக்கும். லீவரை விட்ட பிறகு அது தானாக முழுத்தூரம் திரும்புகிறதா என்று பாருங்கள். திரும்பாவிட்டால் கேபிளை மாற்றினாலே குறை தீர்ந்துவிடக்கூடும்.

அடுத்தது கியர் ஒயில். டூ ஸ்ட்ரோக்கில் எஞ்சினுக்கு எரிந்துபோகும் 2டி ஒயில் வேறு, கியருக்கும் கிளச்சுக்கும் உரிய ஒயில் வேறு. கிளச் அந்த ஒயிலுக்குள்ளேதான் சுழல்கிறது. கார்களுக்கென்று வரும், உராய்வைக் குறைக்கும் மருந்து சேர்த்த ஒயிலை இங்கே ஊற்றினால் நல்ல பிளேட்டும் நழுவும். டப்பாவில் ஜாஸோ எம்.ஏ. என்ற ஜப்பானியத் தரக்குறி போட்டிருக்கும் மோட்டார் சைக்கிள் ஒயிலையே, வண்டியின் கையேட்டில் உள்ள தடிப்பிலும் அளவிலும் ஊற்றுங்கள். பிழையான ஒயில் ஊற்றியிருந்தால் அதை வடித்து, சரியான ஒயில் விட்டு நூறு கிலோமீற்றர் ஓடிப் பார்த்த பிறகு பிளேட்டைப் பற்றி யோசிக்கலாம்.

மூடியைத் திறந்தே ஆகவேண்டும் என்றால், அளந்து பார்த்து மாற்றுங்கள். சிறிய வண்டிகளின் உராய்வுப் பிளேட் புதிதில் ஏறக்குறைய 3 மி.மீ. தடிப்பு, அதில் 0.3 மி.மீ. தேய்ந்திருந்தால் அதன் காலம் முடிந்தது. தடிப்பு சரியாக இருந்தாலும் மேற்பரப்பு கண்ணாடி போலப் பளபளத்து, கருகிய வாசம் வந்தால் அந்தப் பிளேட் பிடிக்காது. இரும்புப் பிளேட்டைத் தட்டையான கண்ணாடித் துண்டின்மேல் வைத்து ஒரு மூலையை அமுக்குங்கள். எதிர்மூலை எழும்பினால் அது வளைந்துவிட்டது. நீலம் பாய்ந்திருந்தால் அது சூட்டின் அடையாளம். ஸ்ப்ரிங்குகளை வரிசையாக நிறுத்தி உயரத்தைப் பாருங்கள். கையேட்டு நீளத்தில் 1 மி.மீ. குறைந்திருந்தாலும், ஒன்றுக்கொன்று வித்தியாசம் தெரிந்தாலும் முழுச் செட்டையும் மாற்றவேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பிரஷர் பிளேட் சரிந்து எழும்பும். ஸ்ப்ரிங்குக்கு அடியில் வாஷர் போட்டு இறுக்கும் பழக்கம் கொஞ்ச நாளைக்குத்தான் உதவும். லீவர் கல்லாகிவிடும், கேபிள் அறும். புதுப் பிளேட்டைப் பூட்டுமுன் ஓர் இரவு முழுக்கக் கியர் ஒயிலில் ஊறவிடுங்கள். உலர்ந்த பிளேட் முதல் சந்தியிலேயே கருகத் தொடங்கும்.

நழுவாத, ஆனால் விடாத கிளச்சும் உண்டு. லீவரை முழுக்கப் பிடித்தாலும் வண்டி முன்னே ஊரும், பொரளைச் சந்தியில் சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது நியூட்ரல் விழாது, முதல் கியர் "டக்" என்று அடிக்கும். தளர்வு கூடிப்போனதா என்று முதலில் பாருங்கள். பிறகு கிளச் கூடையின் விரல்களை நகத்தால் தடவுங்கள். பிளேட்டின் காதுகள் அடித்து அடித்து அங்கே பல் போலப் பள்ளம் விழுந்திருந்தால், லீவரைப் பிடிக்கும்போது பிளேட்டுகள் விலகாமல் அந்தப் பள்ளத்தில் மாட்டிக்கொள்ளும். ஆழமில்லாத பள்ளத்தை அரத்தால் சமப்படுத்தலாம். ஆழமானால் கூடையை மாற்றத்தான் வேண்டும். இன்னொரு விடயம்: பல எஞ்சின்களில் இரண்டு புஷ் ரொட்டுகளுக்கு இடையே ஒரு சின்ன இரும்புக் குண்டு இருக்கும். கழற்றும்போது அது கிரீசில் ஒட்டிக்கொண்டு வெளியே வந்து, துணியோடு துணியாகக் குப்பைக்குப் போய்விடும். குண்டு இல்லாமல் பூட்டிய கிளச்சை எவ்வளவு சரிக்கட்டினாலும் விடாது. ரொட்டின் முனை காளான் போல விரிந்தோ நீலமாகவோ இருந்தாலும் இதே கதைதான்.

கிளச்சும் எஞ்சினும் ஒன்றையொன்று கெடுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. கிராங்கின் கிளச் பக்கத்து ஒயில் சீல் அது. டூ ஸ்ட்ரோக் எஞ்சின் காற்றையும் பெற்றோலையும் முதலில் பிஸ்டனுக்குக் கீழே, கிராங்க் அறைக்குள்தான் இழுத்து அமுக்குகிறது. அந்த அறை காற்றுப் புகாமல் இருக்கவேண்டும். கிளச் பக்கத்துச் சீல் காய்ந்து உதடு இறுகிப்போனால், பிஸ்டன் மேலே போகும் ஒவ்வொரு தடவையும் கியர் ஒயில் உள்ளே உறிஞ்சப்படும். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் தடித்த வெள்ளைப் புகை நிற்காது. பிளக் ஒயிலில் குளித்து வரும். வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஒழுக்குக்கூட இல்லாமல் கியர் ஒயில் மட்டம் இறங்கும். ஒயில் இறங்கிய கியர்ப்பெட்டிக்குள் கிளச் சூடாகி நழுவத் தொடங்கும். சீல் எதிர்ப்பக்கமாகவும் விடும்: பெற்றோல் கலவை கியர்ப் பக்கம் தள்ளப்பட்டு ஒயில் தண்ணீராகும், அளவுக்குச்சியை மூக்கருகே கொண்டுபோனால் பெற்றோல் மணக்கும். இந்த வண்டிக்குப் பிளேட் மாற்றினால் அது மறுபடி போகும். பிஸ்டன் மாற்றினால் புகை அப்படியே இருக்கும். காசு இரண்டு தடவை போனபின்தான் சீலைப் பற்றிப் பேச்சு வரும்.

கிராங்கின் மறுமுனையில், காந்தச் சக்கரம் இருக்கும் பக்கத்துச் சீல் கெட்டால் அறிகுறி நேர்மாறு. அந்தப் பக்கம் ஒயில் இல்லை. காற்றுத்தான் உள்ளே வரும். ஐட்லிங் காரணமில்லாமல் ஏறும், அக்சிலரேட்டரை விட்டாலும் சத்தம் இறங்கத் தாமதிக்கும், பிளக் வெளிறிப்போகும். காபரேட்டரையும் சிலிண்டரையும் இணைக்கும் ரப்பர் குழாய் வெடித்தாலும் இதே அறிகுறிதான். பெற்றோலோடுதான் ஒயிலும் வருகிறது என்பதால், காற்றுக் கூடினால் பிஸ்டனுக்கு ஒயிலும் குறைகிறது. இப்படி ஓடும் வண்டியில் ஒரு நாள் நெடுந்தூர ஓட்டத்தில் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும்.

இவ்வளவையும் எஞ்சினைப் பிரிக்காமலே சோதிக்கலாம். சைலன்சரையும் காபரேட்டரையும் கழற்றி, இரண்டு வாயையும் ரப்பர்த் துண்டு வைத்து இறுக்கி மூடுங்கள். ஒன்றில் மட்டும் ஒரு வால்வு இருக்கட்டும். பிஸ்டனைக் கீழே இறக்கி வையுங்கள். 6 பி.எஸ்.ஐ. அமுக்கத்துக்குக் காற்று அடித்துவிட்டு மணிக்கூட்டைப் பாருங்கள். ஒரு நிமிடத்தில் 1 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் ஒழுக்கு இருக்கிறது. சவர்க்கார நுரையைச் சிலிண்டர் அடி, ஹெட், இரு பக்கச் சீல் என்று தடவுங்கள். குமிழி எழும் இடமே குற்றவாளி. கிளச் பக்கத்துச் சீலுக்குக் கியர் ஒயில் நிரப்பும் துளையில் குமிழியோ காற்றுச் சத்தமோ வருகிறதா என்று கவனியுங்கள். இதற்குப் பெரிய கருவி தேவையில்லை. இரத்த அழுத்தம் பார்க்கும் கைப்பம்பும் அதன் மானியும் போதும். அதில் 300 என்ற கோடு ஏறக்குறைய 6 பி.எஸ்.ஐ.க்குச் சமம், நிமிடத்துக்கு 50 இறங்கினால் அது 1 பி.எஸ்.ஐ. ரயருக்குக் காற்றடிக்கும் பெரிய பம்பை மட்டும் பூட்டிவிடாதீர்கள், நல்ல சீலும் பிதுங்கி வெளியே வந்துவிடும்.

சீல் மாற்றுவதிலும் கவனம் வேண்டும். பல எஞ்சின்களில் கிளச்சையும் கிராங்க் பல்லையும் கழற்றினால் போதும். சிலவற்றில் சீலின் விளிம்பு கேஸின் தவாளிப்புக்குள் பூட்டியிருக்கும், கேஸைப் பிரிக்காமல் வராது. கிராங்க் பல்லின் நட்டை இளக்கும்போது பற்களுக்கு இடையே மடித்த செம்புத் தகட்டைக் கொடுங்கள். ஸ்குரூ டிரைவரைச் செருகினால் பல் உடையும். பழைய சீல் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பஞ்சிகாவத்தையில் வாங்கும்போது புதுச் சீலின் உதட்டை விரலால் மடக்கிப் பாருங்கள். இலகுவாக மடங்கித் திரும்பவேண்டும், உள்ளே உள்ள வட்டச் ஸ்ப்ரிங் தன் இடத்தில் இருக்கவேண்டும். வருடக்கணக்காகத் தட்டில் கிடந்து இறுகிய சீல், பெட்டி எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும், பழைய சீல்தான். மாற்றிய பிறகு இருபது முப்பது கிலோமீற்றர் வரை புகை வரும். சைலன்சருக்குள் ஊறிய ஒயில் எரிந்து தீரவேண்டும். அதைப் பார்த்து வேலை பிழைத்தது என்று பதறவேண்டாம்.

சத்தம் ஏறாமல் அமுங்கும் வண்டிக்கு வருவோம். இலகுவாக ஸ்டார்ட் ஆகிறது, ஐட்லிங் நன்றாக நிற்கிறது, ஆனால் அரைவாசிக்கு மேல் ரேஸ் ஏறவில்லை என்றால் முதல் சந்தேகம் சைலன்சர்மேல். வால் பக்கத்துத் திருகாணியைக் கழற்றி உள்குழாயை இழுத்தெடுங்கள். துளைகள் தார் போன்ற கரியால் மூடியிருக்கும். கரியை எரித்துச் சுரண்டலாம். கோஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைப்பதானால் இரும்புக் குழாயை மட்டும் ஊறவையுங்கள், கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியத்தை அது தின்றுவிடும். சிலிண்டரின் புகைவாயில் உள்ள கரியைப் பிஸ்டனைக் கீழே இறக்கிவைத்து மரக்குச்சியால் சுரண்டுங்கள். இந்தக் கரிக்குப் பெரும்பங்கு காரணம், "ஒயில் கூட ஊற்றினால் எஞ்சினுக்கு நல்லது" என்ற நம்பிக்கை. 50க்கு 1 என்றால் லீற்றருக்கு 20 மி.லீ., 40க்கு 1 என்றால் 25 மி.லீ.; கையேடு சொல்வதை அளந்து ஊற்றுங்கள், போத்தல் மூடியால் குத்துமதிப்பாக அல்ல. ஒயில் கூடினால் காபரேட்டரில் உள்ள அதே ஜெட் என்ற சிறு துளை வழியாகப் போகும் பெற்றோல் குறைகிறது. கலவை மெலிந்து எஞ்சின் சூடாகிறது. டப்பாவில் ஜாஸோ எஃப்.சி. அல்லது எஃப்.டி. என்றிருந்தால் புகையும் கரியும் குறைவு.

பிளக்கின் நிறம் பார்க்கத் தெரிந்தவர்கள்கூட ஐட்லிங்கில் விட்டு நிறுத்திய வண்டியின் பிளக்கைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். முழு ரேஸில் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினை நிறுத்தி, கிளச்சைப் பிடித்து உருட்டி ஓரங்கட்டிக் கழற்றினால்தான் அது உண்மை சொல்லும். கோப்பி நிறம் நல்லது. சுண்ணாம்பு வெள்ளை என்றால் காற்று ஒழுக்கோ அடைபட்ட ஜெட்டோ. கறுத்து ஈரமாக இருந்தால் ஒயில், சோக், அல்லது சீல். இடைவெளி பெரும்பாலும் 0.6 முதல் 0.7 மி.மீ.

இருபது நிமிடம் ஓடி நின்று, ஆறினபின் மறுபடி ஓடும் வண்டிக்கும் பிஸ்டன் மாற்றுகிறார்கள். நின்ற உடனே பெற்றோல் டேங்கின் மூடியைத் திறவுங்கள். "உஸ்" என்று காற்று உள்ளே போய், பிறகு ஸ்டார்ட் ஆனால் மூடியின் காற்றுத்துளை அடைபட்டிருக்கிறது. ஓர் ஊசி போதும். அப்படியில்லாவிட்டால் அந்தச் சூட்டிலேயே பிளக்கைக் கழற்றிச் சிலிண்டரில் முட்டவைத்து, பிளக் துளையைத் துணியால் மூடிவிட்டுக் கிக் அடியுங்கள். பொறி வராவிட்டால் பெரும்பாலும் சூட்டில் கெடும் கொயில்தான் காரணம். ஆறவிட்டுப் பார்த்தால் பொறி நன்றாக வந்து உங்களை ஏமாற்றும்.

தட்டும் சத்தத்துக்குக் கிளச் லீவரே கருவி. நியூட்ரலில் ஓடவிட்டு லீவரைப் பிடியுங்கள். சத்தம் மாறினால் அல்லது நின்றால் அது கிளச் கூடை அல்லது கியர்ப் பக்கம். மாறாமல் தொடர்ந்தால் கிராங்க், பிஸ்டன் பக்கம். குளிரில் மட்டும் கேட்டுச் சூட்டில் மறையும் சத்தம் தேய்ந்த பிஸ்டனுடையது. அது கொஞ்ச காலம் ஓடும். ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றி, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ரொட்டை மேலும் கீழும் அசைக்கும்போது சிறிதளவேனும் ஆட்டம் தெரிந்தால் அந்த கிராங்க் ஓடக்கூடாது. பக்கவாட்டில் ஆடுவது இயல்பு.

சிலிண்டர் எவ்வளவு அமுக்கம் பிடிக்கிறது என்று பார்க்கும் கொம்பிரஷன் சோதனையைக் கடைசியில் வைக்கிறோம், ஏனென்றால் போர் பண்ணச் சொல்லும் தகுதி இதற்குத்தான் உண்டு. பிளக் துளையில் அமுக்கமானியைப் பூட்டி, அக்சிலரேட்டரை முழுக்கத் திறந்து ஐந்தாறு கிக் அடியுங்கள். மானி 110, 120 பி.எஸ்.ஐ. காட்டினால் சிலிண்டரைத் தொடவேண்டாம். 90க்குக் கீழே என்றால் பிளக் துளை வழியாக ஒரு தேக்கரண்டி 2டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். நன்றாக ஏறினால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கோ சிலிண்டரின் உட்சுவரோ தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் ஹெட் காஸ்கெட்டைச் சோதியுங்கள். ரிங்கைச் சிலிண்டருக்குள் தனியாக நுழைத்து வாய் இடைவெளியையும் அளந்து பாருங்கள்; பல வண்டிகளில் ரிங் மாற்றினாலே போதும்.

போர் பண்ணத்தான் வேண்டும் என்று அளவுகள் சொன்னால், லேத்தில் இருந்து வரும் சிலிண்டரின் துளை விளிம்புகளை விரலால் தடவிப் பாருங்கள். கூராக இருந்தால் மழுக்கித் தரச் சொல்லுங்கள். அந்தக் கூரில் ரிங் மாட்டினால் புதுப் பிஸ்டன் முதல் நாளே போய்விடும். பிஸ்டன் தலையின் அம்புக்குறி புகைவாய்ப் பக்கம் பார்க்கவேண்டும், ரிங்கின் வாய் பிஸ்டனில் உள்ள சிறு பின்னில் உட்காரவேண்டும், கழற்றிய கிளிப்பை மறுபடி போடக்கூடாது. முதல் 500 கிலோமீற்றருக்கு முழு ரேஸ் வேண்டாம், கடுகண்ணாவ மாதிரி நீண்ட ஏற்றமும் வேண்டாம். அந்த நாட்களில் இடது கையின் இரண்டு விரல் கிளச் லீவரில் இருக்கட்டும். எஞ்சின் திடீரென்று இறுகுவதாகத் தோன்றினால் அந்தக் கணமே கிளச்சைப் பிடித்தால்தான் பின்சில்லு பூட்டிக்கொண்டு விழாமல் தப்பலாம்.

எங்கள் தொழிலில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். புகைப் பரிசோதனையில் தோற்று, வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க முடியாமல் வருகிறவர் அவசரத்தில் இருப்பார். நாம் எதைச் சொன்னாலும் சரி என்பார். எஞ்சினைத் திறக்குமுன் அவர் கண்முன்னே மானியைப் பூட்டி, காட்டிய எண்ணைப் பில்லில் எழுதிக்கொடுங்கள். கழற்றிய பிளேட்டையும் சீலையும் பிஸ்டனையும் ஒரு பையில் போட்டு அவர் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.

இங்ஙனம்,
மோட்டார் சைக்கிள் திருத்துநர்கள் சிலர்,
கொழும்பு 10.